உடல் மாறும் துப்பறிவோனும் தண்டனையின் எல்லையும்: ஸ்டூவர்ட் டர்ட்டனின் ‘எவலின் ஹார்ட்காசிலின் ஏழு மரணங்கள்’ புதினத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஸ்டூவர்ட் டர்ட்டன் ஆங்கிலத்தில் எழுதிய ‘எவலின் ஹார்ட்காசிலின் ஏழு மரணங்கள்’ (2018), ஒரே நாளை எட்டு உடல்களில் மீண்டும் மீண்டும் வாழ்ந்து ஒரு கொலையின் துப்பைத் துலக்க வேண்டிய ஒருவனின் கதையாகும். இப்புதினத்தின் ஊகப் புனைவுக் கூறு வெறும் கதை உத்தியாக நின்றுவிடவில்லை. ‘கொலை செய்தவர் யார்?’ என்னும் வினாவை ‘தண்டனைக்கு உரியவர் யார்?’ என்னும் வினாவாக அது மாற்றுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. துப்பறியும் கதைக்கான நாக்ஸின் விதிகள், தொதரோவின் வகைமைக் கோட்பாடு, ஆள் என்பதன் தொடர்ச்சி பற்றிய ஜான் லாக்கின் சிந்தனை ஆகியவற்றின் துணையுடன் புதினம் ஆராயப்படுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் சிறை, கொலை ஆகிய நிகழ்ச்சிகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புதினம், ஊகப் புனைவு, உடல் மாற்றம், நினைவு, தண்டனை, மணிமேகலை

முன்னுரை

துப்பறியும் புதினத்தின் இறுதிப் பக்கங்களில் வழக்கமாக ஒரு பெயர் சொல்லப்படுகிறது. அப்பெயர் வெளிப்பட்டதும் குழப்பம் தீர்கிறது. குற்றம் செய்தவர் ஏனையோரிடமிருந்து பிரிக்கப்படுகிறார். வீடும் ஊரும் பழைய ஒழுங்குக்குத் திரும்புகின்றன. அதன் பின்னர் அந்தக் குற்றவாளி என்ன ஆனார் என்பதைப் பெரும்பாலான துப்பறியும் புதினங்கள் கேட்பதில்லை. சிறையும் தூக்குமேடையும் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. உண்மை வெளிப்பட்டதே நீதி வழங்கப்பட்டதற்குச் சமம் என்னும் உடன்பாடு எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே நிலவுகிறது.

2018இல் வெளிவந்து, முதல் புதினத்துக்கான கோஸ்டா விருதைப் பெற்ற டர்ட்டனின் நூல் இந்த உடன்பாட்டைக் கலைக்கிறது. வெளித்தோற்றத்தில் அது அகதா கிறிஸ்டி மரபைச் சேர்ந்தது: சிதைந்துவரும் பெரிய மாளிகை, ஒன்றுகூடிய விருந்தினர், பழைய பகை, இரவு விருந்தில் ஒரு மரணம். ஆனால் அம்மாளிகைக்குள் இயங்கும் காலமும் உடலும் வழக்கமானவை அல்ல. இந்த மாற்றம் புதினத்தை எங்கே கொண்டு செல்கிறது, அது எழுப்பும் அற வினாவுக்குப் புதினத்தின் விடை போதுமானதா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கதையமைப்பு

பிளாக்ஹீத் என்னும் மாளிகையில் ஹார்ட்காசில் குடும்பத்தார் விருந்து அளிக்கின்றனர். 19 ஆண்டுகளுக்கு முன் அக்குடும்பத்தின் சிறுவன் தாமஸ் அங்கே கொல்லப்பட்டான். சார்லி கார்வர் என்னும் பணியாள் அதற்காகத் தூக்கிலிடப்பட்டான். அன்று அங்கிருந்த விருந்தினர்களே இப்போதும் அழைக்கப்பட்டுள்ளனர். இரவு 11 மணியளவில் அக்குடும்பத்தின் மகள் எவலின் குளக்கரையில் தன் வயிற்றில் சுட்டுக்கொண்டு விழுகிறாள். பார்ப்பவருக்கு அது தற்கொலை. ஆனால் அது கொலை என்றும், செய்தவரின் பெயரைச் சொன்னால்தான் விடுதலை என்றும் ஏடன் பிஷப்பிடம் கூறப்படுகிறது. கூறுபவர், கொள்ளைநோய்க் காலத்து மருத்துவரின் பறவை அலகு முகமூடியை அணிந்த ஒருவர்.

ஏடனுக்கு எட்டு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்பும் அதே நாள். ஆனால் வேறோர் உடல். போதைப்பொருள் விற்கும் மருத்துவர் செபாஸ்டியன் பெல், மாளிகையின் தலைமைப் பணியாளர், டொனால்ட் டேவிஸ், பருத்த உடலும் கூரிய அறிவும் கொண்ட வங்கியாளர் ரேவன்கோர்ட், பெண்களுக்குத் தீங்கிழைக்கும் ஜொனாதன் டெர்பி, முதிய வழக்கறிஞர் எட்வர்ட் டான்ஸ், காவலர் ஜிம் ராஷ்டன், ஓவியர் கிரகரி கோல்ட் ஆகியோரே அவன் புகும் எண்மர். எட்டிலும் தவறினால் நினைவுகள் அழிக்கப்பட்டு முதல் உடலிலிருந்து தொடங்க வேண்டும். அன்னா என்னும் பெண்ணும் டேனியல் என்பவனும் அவனுடன் போட்டியிடுகின்றனர். ஒருவர் மட்டுமே வெளியேற முடியும். அவன் புகும் உடல்களைத் தேடிக் கொல்ல ஓர் ஏவலனும் அலைகிறான்.

இறுதியில் இரு உண்மைகள் வெளிப்படுகின்றன. முதலாவது, மாளிகைக்குள் நிகழ்ந்த குற்றத்தைப் பற்றியது: குளக்கரையில் விழுந்தவள் எவலின் அல்லள், எவலினாக நடித்த பெலிசிட்டி. உண்மையான எவலின் பணிப்பெண் வேடத்தில் மறைந்திருந்து அச்சாவைத் திட்டமிட்டவள். சிறுவயதில் தாமஸைக் கொன்றவளும் அவளே. இரண்டாவது, மாளிகையைப் பற்றியது: பிளாக்ஹீத் ஒரு சிறை. கொடிய குற்றம் செய்தோர் துலங்காத ஒரு கொலைக்குள் அடைக்கப்பட்டு, அதைத் துலக்கும்வரை அந்நாளையே வாழ்கின்றனர். அங்கே அடைக்கப்பட்டவள் அன்னா. ஏடன் கைதி அல்லன். தன் சகோதரி ஜூலியட்டைக் கொன்றவளை வதைப்பதற்காகத் தானே விரும்பி உள்ளே வந்தவன். பல சுழற்சிகளில் இருவரும் தம்மை மறந்தனர், பகை நட்பாயிற்று.

2. விதிகளும் விதிமீறலும்

துப்பறியும் கதை எழுத்தாளரும் கத்தோலிக்கக் குருவுமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் இவ்வகைக் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். அமெரிக்கரான எஸ். எஸ். வான் டைன் 1928இலேயே இருபது விதிகளை வெளியிட்டிருந்தார். நாக்ஸின் பட்டியலில் இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களுக்கு இடமில்லை. குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட வேண்டும். துப்பறிபவர் காணும் தடயங்கள் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். இரட்டையர், உருவ ஒற்றுமை உடையோர் ஆகியோரை முன்னறிவிப்பின்றிப் புகுத்தக் கூடாது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, வாசகரை ஏமாற்றாத நேர்மையாகும். உலகம் மாறாத ஒழுங்கில் இயங்கினால்தான் தடயத்திலிருந்து முடிவை உய்த்துணர இயலும். பேய் வந்து கொல்லலாம் எனில் பூட்டிய அறை புதிராக இராது.

ஊகப் புனைவும் துப்பறிதலும் இணையும்போது எழும் இடர் இதுவே. இதற்கு விடைகாண முயன்ற படைப்புகள் பல. ஆல்பிரட் பெஸ்டரின் ‘த டெமாலிஷ்டு மேன்’, பிறர் மனத்தைப் படிக்க வல்லோர் வாழும் சமூகத்தில் ஒருவன் கொலை செய்து தப்ப இயலுமா என்று கேட்டது. ஐசக் அசிமோவின் ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954) எந்திரனுக்கான விதிகளை முன்கூட்டியே வாசகரிடம் தந்து, அவ்விதிகளுக்கு உட்பட்டே கொலையை விடுவித்தது. தமிழில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேய்க்கும் அறிவியலுக்கும் இடையே வாசகரை நிறுத்தியது. இவற்றுள் வெற்றிபெற்றவை ஒரு பொதுநெறியைப் பின்பற்றுகின்றன: உலகின் விதி எவ்வளவு விந்தையானதாயினும் அது முன்னரே சொல்லப்பட வேண்டும், சொல்லப்பட்ட பின் மீறப்படக் கூடாது.

டர்ட்டன் இந்நெறியைப் பாதியளவே காக்கிறார். உடல் மாற்றத்தின் விதிகள் முகமூடி மனிதரின் வாய்வழியே முறையாக அறிவிக்கப்படுகின்றன. கொலையின் விடையும் மரபானதே. ஆள்மாறாட்டமும் போலித் தற்கொலையும் 1920களின் எந்தத் துப்பறியும் கதையிலும் இடம்பெறத் தக்கவை. உடல் மாற்றத்தால் ஏடனுக்குக் கூடுதல் பார்வைக் கோணங்களும் கூடுதல் பொழுதும் கிடைக்கின்றனவே தவிர, விடை மந்திரத்தால் கிடைப்பதில்லை. ஆயினும் பிளாக்ஹீத் ஒரு சிறை என்பதும் அன்னாவின் குற்றம் எத்தகையது என்பதும் வேறு வகையானவை. அவற்றின் சான்றுகள் மாளிகைக்குள் இல்லை. வெளியுலகிலிருந்து வந்தவர் சொன்னால் மட்டுமே அறியத் தக்கவை அவை. ஆகவே உள்வட்டப் புதிர் நாக்ஸின் நேர்மையைப் பெரும்பாலும் காக்க, வெளிவட்டப் புதிர் அதைக் கைவிடுகிறது. புதினத்தின் அற வினா முழுவதும் இந்த வெளிவட்டத்தில் அமைந்திருப்பதால் இதைச் சிறு குறையாகக் கருத இயலாது.

3. இரு கதைகளும் ஒரு பகலும்

ஸ்வெத்தான் தொதரோவ் 1966இல் எழுதிய கட்டுரையொன்றில் துப்பறியும் புதினத்துள் இரு கதைகள் உள்ளன என்றார். ஒன்று குற்றத்தின் கதை. மற்றொன்று புலனாய்வின் கதை. முதற்கதை முடிந்த பின்னரே இரண்டாம் கதை தொடங்குகிறது. இரண்டாம் கதையின் மாந்தர் செயல்படுவதைவிட அறிந்துகொள்வதையே மிகுதியும் மேற்கொள்கின்றனர். துப்பறிபவருக்கு எதுவும் நேராது என்பது இவ்வகையின் எழுதப்படாத உறுதிமொழி.

டர்ட்டனின் புதினத்தில் இவ்விரு கதைகளும் ஒரே பகலுக்குள் நிகழ்கின்றன. ஏடன் புலனாயத் தொடங்கும் காலையில் கொலை இன்னும் நிகழவில்லை. ஆனால் அவன் அதை ஏற்கெனவே கண்டிருக்கிறான். ஓர் உடலில் இருந்தபோது தற்செயல் எனத் தோன்றிய நிகழ்ச்சி, மற்றோர் உடலில் இருந்து அவனே நிகழ்த்தியது எனப் பின்னர் தெரியவருகிறது. எனவே அவன் சாட்சியாகவும் நிகழ்ச்சிகளின் காரணமாகவும் ஒருங்கே நிற்கிறான். ஏவலனின் கத்தி அவனைத் தொடர்வதால் துப்பறிபவரின் பாதுகாப்பும் பறிபோகிறது.

இதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு தலைமைப் பணியாளருக்கு நேர்வது. அவர் உடலில் ஏடன் இருக்கும்போது ஓவியர் கோல்ட் அவரைக் கடுமையாகத் தாக்குகிறார். எலும்பு முறிந்த அந்த உடலின் வலியை ஏடன் விட்டுவிட்டுப் பலமுறை அனுபவிக்கிறான். பின்னர் எட்டாம் முறை அவன் கண்விழிப்பது அதே கோல்டின் உடலில். அடித்த கையும் அடிபட்ட உடலும் ஒருவனுக்கே உரியவை ஆகின்றன. ‘இவர் குற்றவாளி, இவர் பாதிக்கப்பட்டவர்’ என்று பிரித்துக் காட்டுவதே துப்பறியும் கதையின் தொழில். அப்பிரிப்பு ஒருவனது அனுபவத்துக்குள்ளேயே உடைந்துபோவதை இங்கே காண்கிறோம். புதினத்தின் முடிவு அன்னாவைப் பற்றிக் கேட்கப்போகும் வினாவுக்கு இந்நிகழ்ச்சி முன்கூட்டியே வழி செய்கிறது.

4. உடலின் குணமும் உயிரின் குணமும்

கூடுவிட்டுக் கூடு பாய்தல் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாற்றில், மேய்ப்பனை இழந்து கதறும் பசுக்களின் துயர் தீர்க்கச் சிவயோகியார் மூலனின் உடலில் புகுகிறார். மூலனின் மனைவி அவரைக் கணவன் எனக் கருதி அணுக, அவர் உறவை மறுத்து விலகுகிறார். இடையனின் உடல் யோகியின் இயல்பை மாற்றுவதில்லை. உயிர் நிலையானது, உடல் அதற்கு ஓர் உறைவிடம் மட்டுமே.

பிளாக்ஹீத்தில் இந்நிலை தலைகீழாகிறது. ஏடன் புகும் ஒவ்வோர் உடலும் தன் இயல்பை அவன்மேல் செலுத்துகிறது. பெல்லின் கோழைத்தனம் அவனை நடுங்கவைக்கிறது. டெர்பியின் வெறி அவன் நாவிலும் கையிலும் ஏறுகிறது. டான்ஸின் முதுமையோடு நிதானமும் வருகிறது. ராஷ்டனின் காவலர் மூளை சிதறிய செய்திகளைத் தானே வரிசைப்படுத்துகிறது. நாள்கள் செல்லச் செல்ல அவ்வுடலுக்கு உரியவரின் குரல் வலுப்பெற்று ஏடனின் குரல் மெலிகிறது. கதை தன்மை ஒருமையில், நிகழ்காலத்தில் சொல்லப்படுவதால் ‘நான்’ என்னும் சொல் மாறாதிருக்க, அதன் பொருள் மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

இதிலிருந்து இரு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, துப்பறியும் முறை பற்றியது. ஷெர்லக் ஹோம்ஸ் மரபில் அறிவு தூயது. அதைச் சுமக்கும் உடல் முக்கியமன்று. இங்கே அறிவு உடலுக்கு உடல் வேறுபடுகிறது. ரேவன்கோர்ட்டின் சூழ்ச்சித்திறம் கண்டறிவதைப் பெல்லால் காண இயலாது. இரண்டாவது, அறம் பற்றியது. டெர்பியின் உடலில் எழும் தீய எண்ணத்துக்குப் பொறுப்பு டெர்பியா, ஏடனா? இயல்பு இரவல் எனின் குற்றமும் இரவல் ஆகுமா? ஏடன் அவ்வியல்பை எதிர்த்து நிற்பதையே தன்னைத் தானாக வைத்திருக்கும் ஒரே செயலாகக் கருதுகிறான். ஆகவே இப்புதினத்தில் ஆள் என்பதை வரையறுப்பது உடலும் அன்று, நினைவும் அன்று. நேரும் கணத்தில் மேற்கொள்ளும் தெரிவே ஆகும்.

5. மறந்தவரைத் தண்டிக்கலாமா?

ஜான் லாக் தம் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’யின் 1694ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் சேர்த்த இயலில், உடல் ஒன்றாயிருப்பது வேறு, ஆள் ஒருவராயிருப்பது வேறு எனப் பிரித்தார். ஒருவரின் தன்னுணர்வு கடந்தகாலத்தின் எச்செயல்வரை எட்டுகிறதோ அச்செயல்வரையே அவர் அதே ஆள். ‘ஆள்’ என்பது நீதிமன்றத்துக்கு உரிய சொல் என்றும் அவர் கருதினார். போதையில் செய்ததை மறந்தவரை மனிதச் சட்டம் தண்டிப்பதற்குக் காரணம், மறதி மெய்யா பொய்யா என நிறுவ இயலாமையே. இறுதித் தீர்ப்பு நாளில் தாம் அறியாத செயலுக்கு எவரும் பொறுப்பாக்கப்பட மாட்டார் என்பது அவர் எண்ணம்.

அன்னாவின் நிலை இக்கருத்தின் கடுமையான சோதனை. வெளியுலகு அறிந்த அனபெல் காக்கர், கூட்டம் சேர்த்து வதையும் கொலையும் செய்தவள். பிளாக்ஹீத்தில் உள்ள அன்னாவுக்கு அவற்றின் நினைவு இல்லை. அவள் துணிவும் பரிவும் கொண்டவள். ஏடனின் உடல்களைக் காக்கத் தன்னை இடருக்கு உட்படுத்துபவள். லாக்கின் அளவுகோலின்படி அவள் அனபெல் அல்லள். முகமூடி மனிதரின் மேலிடத்தாரோ அவளை ஒருபோதும் விடுவிக்க எண்ணவில்லை. பெயரும் உடலும் ஒன்று என்பதே அவர்களுக்குப் போதுமானது.

பெஸ்டரின் புதினத்தில் கொலையாளியின் ஆளுமையை அழித்து அவனை மீண்டும் உருவாக்குவதே அரசின் தண்டனை. அங்கே அழிப்பே நோக்கம். பிளாக்ஹீத்திலோ மறதி ஒரு நிர்வாக ஏற்பாடு மட்டுமே. அதன் விளைவாக ஒரு கைதி திருந்திவிடுவாள் என்பதை அச்சிறையை அமைத்தோர் எதிர்பார்க்கவில்லை. திருத்தம் என்பதைப் பெயரளவில் ஏற்று, அது உண்மையிலேயே நிகழும்போது அதை அடையாளம் காண மறுக்கும் அமைப்பு இது. டர்ட்டனின் கூர்மையான அரசியல் நோக்கு இவ்விடத்தில் வெளிப்படுகிறது. உள்வட்டக் கதையில் பிறர் குற்றத்துக்குக் கார்வர் தூக்கிலிடப்பட்டதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். ஒரு தண்டனை ஆள் தவறிப் போனது. மற்றொரு தண்டனை ஆள் மாறிய பின்னும் நீள்கிறது. இரண்டிலும் வழக்கு முடிந்துவிட்டது என்னும் நிறைவே உண்மையை மறைக்கிறது.

6. மணிமேகலை: ஓர் ஒப்பீடு

இரவல் வடிவம், ஒரு கொலை, சிறையின் மாற்றம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமையும் தமிழ்க் காப்பியம் மணிமேகலை. இதனைச் சுட்டுவது தாக்கம் உண்டு எனக் கூறுவதற்கன்று. ஒரே சிக்கலை வேறொரு மெய்யியல் எவ்வாறு அணுகியது எனக் காண்பதற்கே.

உதயகுமரனிடமிருந்து விலக மணிமேகலை காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். அவ்வடிவிலேயே சிறைக்கோட்டம் புகுந்து கைதிகளின் பசி தீர்க்கிறாள். அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குவிக்கிறாள். அதே வடிவத்தால்தான் கொலையும் நேர்கிறது. தன் மனைவி இளவரசனோடு பேசுவதாக மயங்கிய காஞ்சனன், உதயகுமரனை வாளால் எறிகிறான். இங்கும் ஆள்மயக்கமே கொலையின் காரணம். ஆனால் அதைத் துலக்குவது தடயம் அன்று, கந்திற்பாவையின் கூற்று. முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, உணவு கொண்டுவருகையில் தடுக்கி வீழ்ந்த மடையனை வாளால் வெட்டிய வினையே உதயகுமரனை வந்தடைந்தது என்கிறது பாவை.

லாக்கின் கருத்துக்கு இது நேர் எதிர். உதயகுமரனுக்கு இராகுலனின் நினைவு இல்லை. எனினும் வினை அவனை விடவில்லை. நினைவு அறுந்தாலும் செயலின் தொடர்ச்சி அறாது என்பது பௌத்தக் காப்பியத்தின் நிலை. அதே காப்பியம்தான் சிறையில் இருப்போரைத் தண்டனையால் அன்றி உணவால் அணுகுகிறது என்பதும் நோக்கத் தக்கது. வினை தன் வழியில் பயன் தரும். அதைச் செலுத்தும் பொறுப்பை மனிதர் தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் உட்கிடை.

டர்ட்டனின் உலகில் வினைப்பயனைத் தரும் பேரொழுங்கு எதுவும் இல்லை. அவ்விடத்தை மனிதர் அமைத்த சிறை பிடித்துக்கொள்கிறது. மறதியைக் கடந்தும் செயலைத் துரத்தும் பணியை அது ஏற்கிறது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறியவில்லை. மணிமேகலையில் அரசன் ஆணையால் சிறை அறக்கோட்டமாகிறது. பிளாக்ஹீத்திலோ சிறை சிறையாகவே எஞ்சுகிறது. ஒரு காவலரின் மனம் மட்டுமே மாறுகிறது. பழைய காப்பியம் நிறுவனத்தை மாற்ற முனைய, புதிய புதினம் ஒரு விதிவிலக்கோடு நிறைவடைகிறது.

7. புதினத்தின் குறைகள்

இவ்வளவு பெரிய வினாவை எழுப்பிய புதினம் மூன்று இடங்களில் தளர்கிறது.

முதலாவதாக, ஏடன் புகும் எட்டு உடல்களும் ஆண் உடல்களே. கொலை செய்தவள், அவள் பெயரில் விழுந்தவள், சிறைப்பட்டவள், பழிக்குக் காரணமாக இறந்தவள் ஆகிய அனைவரும் பெண்கள். பிறர் உடலில் வாழ்வதே பிறரை அறியும் வழி என்று நிறுவும் நூல், தன் அறக்கேள்வியின் மையத்தில் உள்ள ஒரு பெண்ணின் உடலிலும் ஏடனை வாழவைக்கவில்லை. டெர்பியின் கொடுமையை அதைச் செய்பவனின் உள்ளிருந்து அறிகிறோம். அதற்கு ஆளாகும் பெண்ணின் உள்ளிருந்து அறிவதில்லை.

இரண்டாவதாக, ரேவன்கோர்ட்டின் பருத்த உடல் திரும்பத் திரும்ப அருவருப்போடு வருணிக்கப்படுகிறது. முதிய உடலுக்கும் காயமுற்ற உடலுக்கும் கிட்டும் பரிவு அவ்வுடலுக்கு மிகக் குறைவாகவே கிட்டுகிறது. உடல்கள் மாறி வாழ்வதால் பரிவு விரியும் என்னும் புதினத்தின் நம்பிக்கையை அதன் மொழியே இங்கு மறுக்கிறது.

மூன்றாவதாக, மன்னிப்பு. ஏடன் அன்னாவின் கடந்தகாலத்தை அறிந்த பின்னரே அவளின்றி வெளியேற மறுக்கிறான். எனவே அது அறியாமையில் விளைந்த மன்னிப்பு அன்று. ஆனால் சகோதரியின் நினைவு அவனிடம் சிதறலாகவே எஞ்சியுள்ளது. பழிவெறியோடு வந்த ஏடனும் கரைந்துபோய்விட்டான். புண்பட்டவனும் புண்படுத்தியவளும் இருவருமே இல்லாத நிலையில் வழங்கப்படும் மன்னிப்பு, கடினமான ஒன்றை எளிதாக்கிவிடுகிறது. ஜூலியட்டுக்காகப் பேச எவரும் எஞ்சவில்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் ஏடன் இதே முடிவை எடுப்பானா என்னும் வினாவைப் புதினம் நேர்கொள்ளவில்லை. அனபெல்லின் பிற பலிகளின் உறவினரும் வெளியுலகில் இருக்கக் கூடும். அவர்களுக்கு மறதி வாய்க்கவில்லை.

முடிவுரை

காலச் சுழற்சியும் உடல் மாற்றமும் இப்புதினத்தில் புதுமைக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. குற்றக் கதையையும் புலனாய்வுக் கதையையும் ஒரே பகலில் வைத்ததால் துப்பறிபவன் நடுநிலையை இழந்தான். பல உடல்களில் வாழ்ந்ததால் குற்றவாளி என்பவர் முற்றிலும் வேறான ஒருவர் என்னும் ஆறுதலையும் இழந்தான். அவ்விழப்புகளின் வழியாகவே கொலையாளியின் பெயரைக் கண்டறிதல் நீதியின் தொடக்கம் மட்டுமே என்னும் உண்மை நிறுவப்படுகிறது.

மறந்தவரை விடுவிக்கலாம் என்பது லாக்கின் வழி; மறந்தாலும் வினை விடாது என்பது மணிமேகலையின் வழி. டர்ட்டன் மூன்றாவது ஒன்றை நாடுகிறார்: இன்று அவர் எதைத் தெரிவுசெய்கிறார் எனக் காணும் வழி. இவ்வழியில் இறந்தவரின் உரிமை எவ்வாறு காக்கப்படும் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. ஆயினும் துப்பறியும் புதினம் தன் இறுதிப் பக்கத்தோடு மூடிவிடும் சிறைக்கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர் இன்னும் அதே ஆள்தானா என்று கேட்டதே இந்நூலின் பங்களிப்பு. பெயரோடு முடிந்துவிடும் ஏனைய துப்பறியும் புதினங்களை, தமிழில் எழுதப்பட்டவை உட்பட, இவ்வினாவைக் கொண்டு மறுவாசிப்புச் செய்ய இடமுண்டு.